நிலாவெளி தாண்டாத சைக்கிள்

நேற்று மருமகள் பாயாசத்துக்குச் சவ்வரிசியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். சவ்வரிசி கருகிவிட்டது. வீடு முழுக்க அந்த மணம். அவள் ஓடிவந்து சன்னல்களைத் திறந்துவிட்டாள்.

"மாமா, நீங்கள் கொஞ்ச நேரம் வெளியில இருங்கோவன். புகை ஒத்துக்கொள்ளாது" என்றாள்.

நான் எழும்பவில்லை. கதிரையிலேயே இருந்து மணந்துகொண்டிருந்தேன். கருகின சவ்வரிசிக்கு ஒரு இனிப்பும் இருக்கிறது, ஒரு கசப்பும் இருக்கிறது. அந்த மணம் வந்தால் எனக்கு ஒரு பழைய மோட்டச் சைக்கிள் ஞாபகம் வரும். சவ்வரிசிக்கும் மோட்டச் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. வந்த வழியிலேயே சொல்கிறேன். சுருக்கிச் சொல்லச் சொன்னால் நான் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவேன். அது என் பழக்கம். நல்ல பழக்கம் இல்லை என்று தவமணி சொல்வாள். தவமணி என் மனைவி.

சைக்கிள் வெள்ளைக்காரக் கடற்படையின் சைக்கிள். அவர்கள் கப்பல்துறையை விட்டுப் போன நேரம் கட்டில், மேசை, கோப்பை, பீங்கான் என்று எல்லாம் ஏலத்தில் போனது. அந்த நாளில் திருகோணமலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் நங்கூரப் படம் போட்ட கோப்பையில்தான் தேத்தண்ணி. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஆட்டுக்குத் தண்ணி வைத்ததே துரைமார் குளித்த தொட்டியில்தான். ஆடு அதைப் பற்றிப் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை.

சைக்கிள் என்னிடம் வருவதற்குள் பல கை மாறியிருந்தது. பச்சை நிறம் உரிந்து, அதற்குள்ளிருந்து சாம்பல் நிறம் தெரிந்தது. நான் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சின கறுப்பு மையை எடுத்து அடித்தேன். பெற்றோல் தாங்கிக்கு அடித்தேன். மட்காட்டுக்கு அடித்தேன். பெற்றோல் மூடிக்கும் அடித்தேன். எங்கே நிற்பாட்டுவது என்று தெரியாமல் முன் லைற்றின் கண்ணாடியிலும் கொஞ்சம் பட்டுவிட்டது. பிறகு வெயிலில் பார்த்தால் மினுமினு என்று நின்றது. எனக்கென்று நான் வாங்கின முதல் பெரிய சாமான் அதுதான்.

வேலை மீன் வேலை. விடிய உள்துறைமுகப் பக்கத்தில் இருந்து புறப்படுவேன். பின் கரியரில் பலகைப் பெட்டி. அதற்குள் மரத்தூளில் பொதிந்த ஐஸ். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, அப்புறம் குச்சவெளி. இருபது மைல் சொச்சம். கரைவலை இழுத்து முடிகிற நேரம் போய் நிற்க வேண்டும். அறுக்குளா, பாரை நல்லதாகக் கிடைத்தால் ஐஸில் போட்டுக் கட்டி, பட்டணத்து மீன் வாடிக்குக் கொண்டுவர வேண்டும். வாடியிலிருந்து கொழும்பு லொறி போக முதல் வந்துவிட வேண்டும். பஸ்ஸை நம்பினால் மீன் கருவாடாகத்தான் வந்து சேரும். அதனால் குச்சவெளிக் கரையில் என் சைக்கிளுக்கு மரியாதை இருந்தது. எனக்கு இருந்ததா என்று தெரியாது. சைக்கிளுக்கு இருந்தது.

"சத்தத்தைப் பாருங்கோ, கப்பல் மாதிரி" என்பார்கள்.

"உப்புக் காத்திலயும் துருப்பிடிக்காமல் வைச்சிருக்கிறான்" என்பார்கள்.

நான் சிரித்துவிட்டு வருவேன். இந்தப் பேச்சை வீட்டில் வந்து சொன்னது என் பிழை. பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

கலியாணம் சல்லியில், சாம்பல்தீவுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். தவமணி சல்லிப் பெண். பெண் பார்க்கப் போன அன்றும் இந்தச் சைக்கிளில்தான் போனேன். அவளைவிட அவள் வீட்டுக்காரர் சைக்கிளைத்தான் கூடப் பார்த்தார்கள். கலியாணம் முடிந்து நாலாம் சடங்கும் முடிந்து அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டபோது சல்லிச் சனம் முழுக்கக் கோயிலடியில் நின்று பார்த்தது. கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார்கள். தவம் ஒரு பக்கமாக இருந்து, ஒரு கையால் சீற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பிடிக்கவில்லை. அந்த நாளில் அப்படித்தான். ஊர் கடந்த பிறகும் பிடிக்கவில்லை.

அந்தக் கிழமை சைக்கிளுக்கு வருத்தம் தொடங்கியது.

வருத்தத்தைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து நல்லாகத்தான் எடுக்கும். கொஞ்சத் தூரம் ராசா மாதிரி ஓடும். பிறகு இழுவை குறையும். முறுக்கினால் சத்தம் கூடாது, வேகமும் கூடாது. யாரோ பின்னால் கரியரைப் பிடித்து மெல்ல மெல்ல இழுப்பது போல இருக்கும். இருமும். இன்னும் கொஞ்சத் தூரம் இருமி இருமிப் போய் நின்றுவிடும். இறங்கி, பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். "உஸ்" என்று ஒரு சத்தம் வரும். பெற்றோல் இருக்கும். மூடிவிட்டு உதைப்பேன். உடனே எடுக்கும். ஒன்றும் நடக்காதது போல ஓடும். பிறகு சில மைல் தள்ளி அதே கதை.

இன்னொரு புதினமும் இருந்தது. தாங்கி நிறைய அடித்தால் கெதியாக நிற்கும். சாம்பல்தீவே தாண்டாது. அரைவாசி இருந்தால் நிலாவெளி உப்பளம் மட்டும் போகும். எப்படியானாலும் ஒரே மூச்சில் நிலாவெளி தாண்டியதில்லை. பெற்றோல் கூட இருந்தால் குறைய ஓடுகிற சைக்கிளை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நானும் கண்டதில்லை. அடிக்கிற இடத்தில் பெற்றோலில் ஏதோ கலக்கிறார்கள் என்று நினைத்தேன். இடத்தை மாற்றினேன். வருத்தம் மாறவில்லை.

நிலாவெளியில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் ஒரு கிழவர். முதலில் நான் நின்றால் அனுதாபப்படுவார். பிறகு பழகிவிட்டது. தூரத்தில் சைக்கிள் இருமுகிற சத்தம் கேட்டதும் கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவார். நான் கடையடியில் வந்து நிற்க, தேத்தண்ணி மேசையில் இருக்கும்.

"இண்டைக்குக் கொஞ்சம் பிந்திட்டுது தம்பி. நேற்று இந்நேரம் வந்திட்டீர்" என்பார்.

பட்டணத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சலீம் நானா கராச் வைத்திருந்தார். கிண்ணியாக்காரர். கெட்டிக்காரர். பிளக்கை மாற்றினார். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார். பொயின்ற்றை அரம் வைத்துத் தேய்த்தார். புகைக்குழாய்க்குள் கரி அடைத்திருக்கும் என்று அதைக் கழற்றித் தென்னஞ்சிரட்டை நெருப்பில் வாட்டினார். ஒவ்வொரு முறையும் தானே ஏறி ஒரு சுற்று ஓடிப் பார்ப்பார். மணிக்கூட்டடி மட்டும் போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்.

"என்னட்ட நல்லாத்தான் ஓடுது மகன். ஒங்கட வீட்டுப் பக்கம் போனாத்தான் இதுக்கு வருத்தம் வருது."

"வீட்டில என்ன இருக்கு நானா?"

"புதுப் பொம்பள இரிக்கி. கலியாணம் முடிச்சா மெசினும் கொஞ்சம் மெதுவாத்தான் போகும்."

கராச்சில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். வீட்டில் சின்னம்மா அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மா நான் சின்னனாக இருக்கும்போதே போய்விட்டார். என்னை வளர்த்தது சின்னம்மாதான். மனுசி கெட்டவர் இல்லை. எனக்கு ஒன்று நடந்துவிடும் என்ற பயத்திலேயே வாழ்ந்தவர். நான் கடலுக்குப் போன காலத்தில் கடலைத் திட்டினார். சைக்கிள் வாங்கினபோது றோட்டைத் திட்டினார். கலியாணம் முடித்த பிறகு திட்டுவதற்குப் பக்கத்திலேயே ஆள் கிடைத்தது.

"நான் ஒண்டும் சொல்லேல்ல. அந்த நாளைத்தான் சொல்லுறன். எண்டைக்குத் தொடங்கினது? அவள் கால் வைச்சு ஏறின நாள் தொடங்கினது."

"அது மெசின், சின்னம்மா."

"மெசினுக்குத் தெரியாதே ஆர் ஏறினதெண்டு? மூடியைத் திறக்கேக்க உஸ்ஸெண்டு சத்தம் வருதெண்டு நீதானே சொன்னனி. அது பெருமூச்சு."

இதைக் குசினியில் நின்று தவம் கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மியில் அரைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

ஒருநாள் நான் வீட்டுக்கு வரும்போது வீடு முழுக்கக் கருகின மணம். தவம் ஒரு சட்டியில் சவ்வரிசியைக் கறுக்கக் கறுக்க வறுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கு வைக்கிற கறுத்தப் பொட்டை அப்படித்தான் காய்ச்சுவார்கள். கரியாக வறுத்து, தண்ணி விட்டுக் கிண்டி, பசை மாதிரி வந்ததும் சிரட்டையில் ஊற்றிக் காயவிடுவார்கள். வேண்டிய நேரம் ஒரு துளி தண்ணி விட்டு விரலால் தேய்த்து வைப்பது. காய்ந்தால் அரக்கு மாதிரி பிடித்துக்கொள்ளும். வேர்வைக்கும் போகாது. குழந்தைக்குக் கண்ணூறு படாமல் இருக்க நெற்றியிலும் கன்னத்திலும் வைப்பார்கள். தவத்தின் அக்காவுக்குச் சல்லியில் குழந்தைகள். அவள் காய்ச்சுகிற பொட்டுக்கு அங்கே நல்ல பேர்.

சின்னம்மா சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இந்த வீட்டில குழந்தையே குட்டியே? ஆருக்கு இந்தப் பொட்டு?"

தவம் கிண்டின பசையைச் சிரட்டையில் ஊற்றினாள். சிரட்டையைத் தூக்கிச் சன்னல் ஓரத்தில் வைத்தாள். அக்காவின் பிள்ளைகளுக்கு அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். சின்னம்மா சூனியம், வசியம் என்று ஏதோ நினைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கிழமை மாதிரி அவளுடன் நேரே கதைக்கவில்லை. சுவருக்குச் சொல்வது போலச் சொல்வார்.

சைக்கிள் மோசமாகிக்கொண்டு போனது. ஒருநாள் லொறி போன பிறகுதான் வாடிக்கு வந்தேன். நல்ல அறுக்குளா. ஐஸ் உருகி, கண் வெளுத்துப் போயிருந்தது. கொண்டுபோய் ஒழுங்கையில் சும்மா கொடுத்தேன். நான் வரப் பிந்தி, தேத்தண்ணி ஆறி, அன்று இரண்டு தரம் ஊற்றினதாக நிலாவெளிக் கடைக்கார ஐயா சொன்னார் என்று நான் பகிடியாகச் சொன்னேன். வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்ர பிள்ளையின்ர உழைப்பும் போகுது" என்றார் சின்னம்மா. சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

தவம் அன்றிலிருந்து சைக்கிளில் ஏறவில்லை. கோயிலுக்கும் நடந்து போனாள். கடைக்கும் நடந்து போனாள். நான் கூப்பிட்டால், "நீங்கள் போங்கோ, நான் மெல்ல வாறன்" என்பாள். சைக்கிளுக்குப் பக்கத்தில் போகும்போது சீலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போவாள், முட்டிவிடக் கூடாது என்பது போல. நான் இதையெல்லாம் கண்டேன். கலியாணம் முடித்துச் சில மாதம்தான். அவளுடன் நான் கதைத்த கதையை எண்ணினால் ஒரு சிரட்டை நிறையாது.

சல்லி அம்மன் கோயில் பொங்கல் வந்தது. அதற்கு முதல்நாள் அவள் சொன்னாள்.

"பொங்கலுக்குப் போட்டு, கொஞ்ச நாள் அம்மாவோட நிண்டுட்டு வாறன்."

"எவ்வளவு நாள்?"

"கொஞ்ச நாள்."

காலையில் பார்த்தால் தகரப்பெட்டி முற்றத்தில் இருக்கிறது. கலியாணத்தன்று கொண்டு வந்த பெட்டி. பொங்கலுக்குப் போகிறவள் ஒரு துணிப்பையோடு போவாள். தகரப்பெட்டியோடு போவாளா? சின்னம்மாவும் பெட்டியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

"பஸ்ஸில போறன்" என்றாள்.

"பெட்டியோட பஸ்ஸில ஏலாது. ஏறு" என்றேன்.

மீன்பெட்டியை இறக்கிவிட்டுத் தகரப்பெட்டியைக் கரியரில் கட்டினேன். சல்லி கிட்டத்தான். சல்லி மட்டுமாவது நிற்காமல் போக வேண்டும் என்று முதல்நாளே தாங்கி நிறைய அடித்து வைத்திருந்தேன். என் புத்தியைப் பாருங்கள். நிறைய அடித்தால் கெதியாக நிற்கும் என்று தெரிந்த ஆள் நான்தான்.

உப்புவெளி தாண்டியதும் இழுவை குறைந்தது. பின்னால் அவள் நிமிர்ந்து இருந்தது தெரிந்தது.

"என்ன செய்யுது?"

"இப்பிடித்தான்."

இருமியது. சாம்பல்தீவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பனையடியில் நின்றது. அவள் இறங்கித் தூரப் போய் நின்றாள். கண்ணில் தண்ணி இல்லை. முகம் இறுகியிருந்தது.

"நான் நடந்து போறன். பெட்டியை ஆரிட்டயும் குடுத்து விடுங்கோ. நான் இல்லாட்டி ஓடும்."

"நில்லு. இது ஒவ்வொரு நாளும் நிக்கிறது. நீ இல்லாமலும் நிக்கிறது."

அதைச் சின்னம்மாவுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பனையடியில்தான் வாயில் வந்தது. நான் வழக்கம்போல மூடியைத் திருகினேன். உஸ் என்றது.

அவள் கிட்ட வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அதைக் கழட்டுறனீங்களே?"

"எதை?"

"அந்த மூடியை."

"வேறெங்கால பெற்றோல் விடுறது?"

அவள் கையை வாயில் வைத்தாள். நாங்கள் வீட்டில் சொல்கிற பெற்றோல் மூடி அதுதான் என்று அவளுக்குத் தெரியாது. சைக்கிளை அவள் என்ன கண்டாள்.

"அதிலதான் நான் பொட்டு வைக்கிறனான்" என்றாள்.

"என்ன பொட்டு?"

"கறுத்தப் பொட்டு. நாவூறுக்கு. குச்சவெளிச் சனம் அப்பிடிச் சொல்லுது, இப்பிடிச் சொல்லுதெண்டு நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள். சல்லியிலயும் எத்தினை கண் பட்டிருக்கும். கலியாணத்தோட கொண்டு வந்த சிரட்டையில தொடங்கி ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறனான். நீங்கள் கிணத்தடிக்குப் போற நேரம்."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னாப் பலிக்காது."

நான் மூடியைக் கையில் பிரட்டிப் பார்த்தேன். கறுப்பு மூடி. கறுப்புப் பொட்டு. கண்ணுக்குத் தெரியாது. பெருவிரலால் தடவினேன். நடுவில் ஒரு மொழுமொழுப்பு. கிழமைக்குக் கிழமை ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறி ஒரு சின்னக் குமிழ் மாதிரி இருந்தது. அந்த இடத்தில் குமிழ் இருக்கக் கூடாது. துளை இருக்க வேண்டும். மூடியை வெயிலுக்குப் பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை.

தகரப் பால் பேணியில் ஒரு துளை போட்டால் பால் வராது. மற்றப் பக்கமும் ஒன்று குத்த வேண்டும். காற்று உள்ளே போனால்தான் பால் வெளியே வரும். இது எல்லா வீட்டிலும் தெரியும். தாங்கியும் அப்படித்தான். மூடியில் உள்ள துளையால் காற்றுப் போனால்தான் பெற்றோல் கீழே இறங்கும். துளை அடைத்தால் கொஞ்சத் தூரம் ஓடும், பிறகு பெற்றோல் இறங்காது. மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்றுப் போகும், திரும்ப ஓடும். நிறைய அடித்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் கெதியாக நிற்கும். இத்தனை நாள் தலைக்குள் முட்டின எல்லாம் ஒரு நிமிசத்தில் வரிசையாக வந்து நின்றது. கராச்சில் சலீம் நானா எல்லாவற்றையும் கழற்றினார். மூடியைப் பார்க்கவில்லை. நானும் ஒவ்வொரு நாளும் அந்த மூடியைத்தான் கையில் பிடித்தேன். பார்க்கவில்லை.

"ஏன் இந்த இடத்தில வைச்சனி? எவ்வளவு இடம் இருக்கு."

"அதுதான் நெத்தி மாதிரி இருந்தது" என்றாள். "நடுவில ஒரு சின்னப் பள்ளமும் இருந்தது. பொட்டு வைக்கவெண்டே விட்டிருக்கினமெண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். "ஊசி இருக்கே?" என்று கேட்டேன். தாலிக்கொடியில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தாள். குத்தினேன். இறுகியிருந்தது. துப்பலால் நனைத்துத் திரும்பக் குத்தினேன். கறுப்பாக ஒரு செதில் உதிர்ந்து விழுந்தது. மூடியை வெயிலுக்குப் பிடித்தேன். நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம். அவளும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவ்வளவு கிட்ட அவள் முகத்தை நான் பகல் வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான்.

அவளுக்கு விளங்கிவிட்டது. சிரிக்கவில்லை.

"அப்ப சின்னம்மா சொன்னது சரிதானே" என்றாள். "நான் வந்துதான் எல்லாம்."

இந்த இடத்தில் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எனக்கு வராது. ஊசியை அவள் கையில் கொடுத்தேன்.

"சின்னம்மா சொன்னது உன்ர காலை" என்றேன். "இது கை."

என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பவும் சிரித்தாள். ஏறி இருந்தாள். இந்த முறை சீற்றைப் பிடிக்கவில்லை.

சாம்பல்தீவுச் சந்தியில் சல்லிக்குத் திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைத்தேன்.

"திருப்பவே?"

தகரப்பெட்டி பின்னால் கடகட என்றது.

"பெற்றோல் இருக்கே?" என்று கேட்டாள்.

"நிறைய."

"அப்ப நேர விடுங்கோ. எங்க மட்டும் ஓடுதெண்டு பாப்பம்."

"பொங்கல்?"

"பொங்கல் பின்னேரம்தானே."

விட்டேன். வயல்வெளி போனது. பனங்கூடல் போனது. நிலாவெளியில் கடைக்கார ஐயா சைக்கிள் சத்தத்தைக் கேட்டு எழும்பி நின்றார். இருமல் இல்லை என்பது அவருக்கு உடனே விளங்கவில்லை. கேத்தலும் கையுமாக வாசலுக்கு வந்தார். நாங்கள் அவரைக் கடந்து போனோம். தவம் கையைக் காட்டினாள். அவரும் கேத்தலைத் தூக்கிக் காட்டினார். உப்பளம் வெள்ளையாக மின்னியது. இறக்கக்கண்டிப் பாலம் கடந்தது. கும்புறுப்பிட்டி கடந்தது. காதுக்குப் பின்னால் அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் சுழியில் அகப்பட்ட கதை, அக்காவின் மூத்தவன் பொட்டைத் தின்ற கதை. பாதிதான் காதில் விழுந்தது, பாதியைக் காற்றுக் கொண்டுபோனது. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

குச்சவெளியில் கரைவலை முடிந்திருந்தது. சனம் இல்லை. சும்மா கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியில் ஐயாவின் கடையில் நாங்களாக நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். பின்னேரம் சல்லிக்கு வந்து பொங்கினோம். அவள் அம்மா பெட்டியைப் பார்த்து, "இதேன் பிள்ளை?" என்று கேட்டார். "பாரத்துக்கு" என்றாள் தவம். "பாரம் இருந்தா இழுக்குதோ எண்டு பாக்க." அன்றே திரும்பிவிட்டோம்.

சின்னம்மா படலையடியில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"பெட்டியும் திரும்பி வந்திட்டுதே" என்றார்.

"ஓம்."

"சைக்கிளுக்கு என்ன?"

"மூடியில ஓட்டை அடைச்சிருந்தது. எடுத்தாச்சு."

"நான் அண்டைக்கே நினைச்சனான், அது சின்ன விசயமெண்டு" என்றார்.

தவம் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரும் சிரித்திருப்போம். ஓட்டையை அடைத்தது என்ன என்று சின்னம்மா கேட்கவில்லை. தகரப்பெட்டியின் ஒரு பிடியைத் தானே பிடித்துத் தூக்கினார். மற்றப் பிடியைத் தவம் பிடித்தாள். இருவருமாக உள்ளே கொண்டுபோனார்கள்.

பொட்டை அவள் நிற்பாட்டவில்லை. இடத்தை மாற்றினாள். முன் லைற்றுக்குக் கீழே நான் கைதவறி மை பூசின இடத்துக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமைகளில், என் கண்ணுக்கு முன்னாலேயே. பலித்ததா என்று கேட்டால், சைக்கிள் பிறகு நெடுங்காலம் ஓடியது. வெள்ளிகளில் அவளும் என்னோடு குச்சவெளிக்கு வரத் தொடங்கினாள். மீன் தெரிவதில் என்னைவிட அவள் கெட்டி. எனக்கு மூத்த மகன் பிறந்தபோது சவ்வரிசி வறுத்தது சின்னம்மா. கருக்கிக் கருக்கி, மூக்கைப் பொத்தாமல்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. சைக்கிளை உப்புக் காற்றுத் தின்றது. கடைசியில் சல்லியில் மச்சான் வீட்டு வளவில் ஒரு பூவரசோடு சாய்த்து வைத்தேன், பிறகு திருத்தலாம் என்று. அந்தப் பிறகு வரவில்லை. எண்பதுகளில் சண்டை தொடங்க, றோட்டில் போக்குவரத்துக் குறைந்தது. மீன் வாடியைப் பூட்டினார்கள். குச்சவெளிக் கரையில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு திசையாகப் போனார்கள். சலீம் நானா கிண்ணியாவுக்கே திரும்பிப் போய் அங்கேயே மௌத்தானதாகக் கேள்விப்பட்டேன். சின்னம்மா தவத்தின் மடியில்தான் போனார். கடைசி நேரம் என் பேரைச் சொல்லவில்லை, அவள் பேரைத்தான் சொன்னார். தவமும் இப்போது இல்லை.

போன மாதம் மகன் என்னைக் காரில் குச்சவெளி மட்டும் கூட்டிப் போனான். றோட்டுக்கு வழுவழுவென்று காப்பற் தார் போட்டிருக்கிறார்கள். தண்ணி மாதிரி ஓடுகிறது. ஏறி இருந்து கண்ணாடியைத் துடைத்துப் போட முதல் ஊர் வந்துவிட்டது.

"எப்பிடி அப்பா றோட்டு?" என்று கேட்டான்.

"நல்ல றோட்டு" என்றேன்.

நல்ல றோட்டுத்தான். முன்பு அதில் ஒரு ஆள் தன் பாதி வாழ்க்கையைக் கதைத்து முடிக்கலாம். கேட்கிறவனுக்குப் பாதிதான் காதில் விழும். மிச்சத்தை அடுத்த வெள்ளி கேட்கலாம் என்று நான் ஓம் போட்டுக்கொண்டு வந்தேன்.